காலடியில் நெருப்புச் சட்டி

— ஏனுங்க, கண்ண மூடிக்கோங்க. நான் எந்த வெரலத் தொடறேன்னு சொல்லுங்க.

— இப்பத்தான புள்ள சொன்னேன், கட்டவெரலுன்னு?

— அது நீங்க பாத்துட்டுச் சொன்னது.

— நீ என்னா, டாக்டரம்மாவா? முட்டிக்குள்ள மூணு ஜவ்வு அறுந்து, தச்சுக் கட்டி, கம்பி வெச்ச பெல்ட்டப் போட்டு மரக்கட்டயாட்டம் கெடக்கறேன். உனக்கு வெளயாட்டு.

— வெளயாட்டுங்களா? தனசிங்கண்ணன் ஜீப்பு விடிஞ்சதும் வந்துரும். கோயமுத்தூர்ல டாக்டர் இதத்தான் கேப்பாரு. ஜவ்வு சரியாயிரும், கூடவே அடிபட்ட நரம்புதான் சந்தேகம்னு சொன்னாரில்ல? பாதத்துல உணர்ச்சி வந்திருந்தா சரி. வரலீன்னா தள்ளிப்போடாம திரும்பக் கீறிப் பாக்கோணும்னாரு.

— வந்துருச்சு. அதத்தான் நாளைக்கிச் சொல்லப்போறேன்.

— எப்ப வந்துச்சு?

— அது... மெதுவா வருது.

— பொறவு ஏன் பாதம் தொங்குது? மேல தூக்குங்க, பாக்கலாம்.

— தூக்குனா தையலு பிச்சுக்கும்.

— வெரல மட்டும் அசைங்களேன்.

— நச்சரிக்காத சுகுணா.

— பயமா இருக்குதுங்க. கிளச்சு மிதிக்கிற காலு. இப்ப விட்டுட்டா நரம்பு செத்தே போயிரும், அப்பறம் நீங்களே தேடி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லித்தான அனுப்புனாரு. எஸ்டேட்டுத் தேயிலக் கொழுந்து லாரிய ஓட்டறதத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்?

— எனக்கு மட்டும் பயமில்லையா? கொண்டை ஊசி வளைவுல காட்டெரும பாஞ்சு, பைக்கோட தூக்கி எறிஞ்சுச்சே, அப்பக்கூட நான் பயப்படல. ஆபரேசனுல பாதியில முழிச்சுக்கிட்டேன் புள்ள.

— என்னது?

— முதுகுல ஊசி போட்டதால வலியில்ல. ஆனா எலும்புல தொள போடற சத்தம் கேக்குது. எங்கயோ மரம் அறுக்கறாப்பல. அது என் காலுன்னு எனக்குத் தெரியுது. கத்தலாம்னா வாயே தொறக்க மாட்டேங்குது.

— இத இத்தன நாளா சொல்லவே இல்லயே நீங்க.

— சொல்லி என்னாத்துக்கு? அந்த மேசையில நான் திரும்பப் படுக்க மாட்டேன். படுக்க வேண்டிய வேலையும் இல்ல. உணர்ச்சிதான் வந்துருச்சே.

— சத்தியமாவா?

— உம்மேல சத்தியமா. நம்பலன்னா நெருப்புச் சட்டியக் கொண்டா. பனி எறங்கிருச்சு, இந்த ஒத்தக் காம்பரா ரூமே ஐஸு பொட்டியாட்டம் இருக்கு. காலடியில வெச்சா எதமா இருக்கும்.

— ஐயோ, வேண்டாங்க! உணர்ச்சியில்லாத காலுக்கிட்ட சூடே காட்டக் கூடாதுன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. வெந்து போனாக்கூடத் தெரியாதாம்.

— தெரியற காலுக்கு என்னா? இந்த லயத்துல எல்லா ஊட்லயும் காலடியில வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறாங்க. போயி கங்கு அள்ளிட்டு வா.

— சரி, இருங்க.

— என்னா இவ்வளவு நேரம்?

— வந்துட்டேன். எந்திரிக்காதீங்க, காலு தலகாணி மேலயே இருக்கட்டும். நல்ல காலை மட்டும் மடக்கி இழுத்துக்கோங்க.

— வெச்சிட்டயா?

— வெச்சாச்சுங்க. கட்டில் கடைசியில முக்காலி போட்டு, பாதத்த ஒட்டி. கம்பளியத் தொங்க விட்டிருக்கேன், சட்டி உங்க கண்ணுக்குப் படாது. சூடு வருதுங்களா?

— ம்... வருது. வருது புள்ள.

— எங்க?

— மொதல்ல குதிங்கால்ல. இப்ப வெரலுக்கு ஏறுது. பாத்தியா, நான் சொன்னேன்ல?

— நெசமாவேங்களா?

— அட, அழுவறியா? இதுக்குப் போயி! நாளைக்கி டாக்டருகிட்ட நீயே சொல்லு, எங்கூட்டுக்காரருக்குச் சூடு தெரியுதுன்னு. சட்டியக் கொஞ்சம் தள்ளி வெய்யி, சுடுது.

— வெறுஞ்சட்டிங்க அது. கங்கு அடுப்புலயே இருக்குது.