கண்டக்டர் இளங்கோவனின் எழுதாத பதிவேடு

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இளங்கோவன் அண்ணனின் துணைவியார் திருமதி காவேரி அம்மா அவர்களே, தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தென்னேரி மக்களே! வேலாயுதத்தின் வணக்கம்.

போன ஞாயிறு இதே கூடத்தில் நின்று விசில் ஊதியவர் நம் கண்டக்டர் இளங்கோவன். வியாழன் காலை காபி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டார். நம்ப முடிகிறதா? என்னால் முடியவில்லை!

முப்பத்தோர் ஆண்டுகள் காஞ்சிபுரம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றதும் மூடிக் கிடந்த இந்தக் கட்டடத்தைப் பெருக்கி, சம்பளம் கேட்காத எங்கள் ஏழு பேரைச் சேர்த்து, நம் ஊருக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைத்தவர். தன் பயணிகளின் வீட்டுப் படியெல்லாம் ஏறி இருநூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் கொண்டுவந்தார். "நீங்க குடுக்க வேணாம்மா, நான் வெச்சிக்கினு இருக்கேன், அவ்ளோதான். எப்ப கேட்டாலும் உங்க வீட்டுதுதான்" என்பார். அந்த வாக்கை நம்பாத வீடு உண்டா?

யார் பார்க்க வந்தாலும் விசில் ஊதி, "ஏறியாச்சா? போலாம் ரைட்!" என்று தொடங்குவார். ஒவ்வொரு பொருளுக்கும் வீடு, ஆள், பழைய சண்டை எல்லாம் வாயாலேயே சொல்வார். பொருளின் மேல் இருப்பதோ வெறும் எண்.

செயலாளர் நான், பெரிய நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய், "அண்ணா, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். "டிக்கெட்ல நம்பர் இருந்தா போதும்பா, ஆளு முகம் எனக்குத் தெரியாதா? அடுத்த ஞாயித்துக்கிழமை எழுதிக்கலாம்" என்றார். சரி என்றேன். ஒன்பது வருடம் சரி என்றேன்! அவர்மேல் குற்றமில்லை, என் சோம்பேறித்தனம்.

நேற்று அந்த நோட்டோடு இங்கே நின்றேன். நானே தறிக்காரன். ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாற்பத்தொன்றாம் எண் நாடா எந்த வீட்டுத் தறியில் ஓடியது என்று எனக்கே தெரியவில்லை! அப்போது காவேரி அம்மா வந்து அந்த விசிலை என் கையில் வைத்தார். "இத்தையாவது யாருதுன்னு எழுதிக்கப்பா" என்றார்.

மக்களே, வரும் ஞாயிறு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். உங்கள் பொருளைக் கையில் எடுத்துச் சொல்லுங்கள். நாங்கள் ஏழு பேரும் எழுதுவோம், ஒரு வீடு விடாமல் எழுதுவோம். அவர் வாக்கு பொய்த்துப்போக விடமாட்டோம்!

முதல் பக்கத்தை நேற்றே எழுதிவிட்டேன். எண் இருநூற்றுப் பதின்மூன்று. விசில். இளங்கோவன் வீட்டுது. எப்போது கேட்டாலும் திருப்பித் தரவேண்டியது.

அண்ணா, ஒரு தடவை வந்து கேளுங்களேன்!