கார் ஓடாத வழி

“சைக்கிளே ஓடத் தெரியாத நீ என்னண்டு இவ்வளவு நல்லா வழி கீறுறாய்?” என்று நிலாணி ஒருமுறை என்னைக் கேட்டாள். அண்ணனுக்கு நிச்சயித்த பெண் அவள். சுவிஸில் பிறந்து வளர்ந்தவள். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன்தான் பதில் சொன்னான்: “அவள் ஒரு குழியையும் தவறவிடமாட்டாள். எல்லாம் கொப்பியில இருக்கு.”

அது உண்மை. வழி கீறுவதற்குச் சைக்கிள் ஓடத் தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

எங்கள் அப்பா வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது மார்க்கம் வீதியில் ஒரு கார் அடித்து அவர் இறந்துபோனார். அதன் பிறகு அம்மா சைக்கிள் என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விடவில்லை. அண்ணன் மிதுனன் தன் இருபத்தாறாவது வயதில், கல்லுப் பாதையில் ஓடவென்று தடித்த டயர் போட்ட கிறவல் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது, அம்மா இரண்டு நாள் அவனுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை போட்டாள். கார் ஓடுகிற வீதியில் அவன் ஏறக் கூடாது.

பார்க்கிற இடமெல்லாம் காராக இருக்கிற எங்கள் ஸ்காபரோவில் அது நடக்கிற காரியமா என்று அண்ணன் சிரித்தான். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் கட்டடத்தின் பின்பக்கப் பார்க்கிங்கில் தொடங்கி, ஹைட்ரோ மின்கம்பிகளுக்குக் கீழே போகும் பாதையைப் பிடித்து, இரண்டு பூங்காக்களைத் தாண்டி, றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் ஆற்றோரம் முழுவதும் கிறவல் பாதை. வீதியைக் கடக்கிற இடங்களில் சிக்னலில் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். மொத்தம் இருபத்தொரு கிலோமீற்றர். அம்மாவால் அதில் குறை பிடிக்க முடியவில்லை.

பிறகு அண்ணனின் கூட்டாளிகளும் நான் வரைபடத்தில் கீறிய கோட்டைத் தங்கள் போனில் போட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் ஐந்தாறு பேர் போவார்கள். அவர்களில் ஒருவரான ஜோசுவா அண்ணை வாசலில் நின்றே கத்துவார். “துவாரகா, போன கிழமை உன்ர கோடு என்னைச் சேத்துக்குள்ள இறக்கிப்போட்டுது!”

“அவளின்ர கோட்டில பிழையில்லை அண்ணை. பிழை இஞ்ச இருக்கு,” என்று அண்ணன் அவருடைய வயிற்றைத் தட்டுவான்.

கார் வராத பாதையில் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நாளில் அவர்கள் பயப்படுவதை விட்டுவிடுகிறார்கள். அண்ணன் இறக்கங்களில் பிறேக் பிடிக்கமாட்டான். “எதிர வர என்ன இருக்கு? துவாவின்ர வழியில மான் மட்டும்தான் குறுக்க வரும்,” என்பான். அதையும் நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

பதினோராம் வகுப்பின் நடுவில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. பள்ளிக்கூடத்துடன் பேசியது அண்ணன். பல் டொக்டரிடமும் வங்கியிலும் எனக்காகப் பேசுவதும் அவன்தான். நான்கு வருடமாக வெளியாள் ஒருவருடன் ஒரு முழு வசனம் பேச எனக்குத் தேவை வரவில்லை. அது நல்ல ஏற்பாடு. யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பெப்ரவரியில் நிலாணி ஒரு வீடியோ அனுப்பினாள். அவளுடைய ஊருக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு. கீழ்க் கிராமத்தோடு கார்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே வெள்ளைக் கிறவல் பாதை, மாடுகளின் மணிச் சத்தம், இரண்டு பக்கமும் பனிமலை. அண்ணன் அதை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“பாருங்கோ அம்மா, ஒரு காரும் இல்லை. வழி கீறவும் தேவையில்லை. அங்க இருக்கிறதே ஒரு பாதைதான்.”

அம்மா சிரித்தாள். ஜூன் எட்டாம் திகதி விமானம். இரண்டு கிழமைப் பயணம் என்றுதான் முதலில் சொன்னான். பிறகு கலியாணத்தை அங்கேயே வைக்கலாம் என்றான். பிறகு அங்கேயே வேலை தேடலாம் என்றான். அப்படியென்றால் நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

“நீயும் பழகத்தானே வேணும், துவா.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை.

நான் தேடிப் பார்த்தேன். சைக்கிளில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு. ஆற ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். மே மாதத் தொடக்கத்தில் விழுந்தால் ஜூன் எட்டு தவறும். தவறினால் அவன் யோசிப்பான். யோசித்தால் நிற்பான். இதைவிட வேறு எந்தத் தீங்கையும் நான் அவனுக்கு நினைக்கவில்லை.

அந்த வருடம் பனி உருகியபோது ஆறு தன் கரையோடு பாதையின் ஒரு வளைவையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. பிரதான வாசலில் செம்மஞ்சள் வேலி போட்டுப் பாதையை மூடியிருந்தார்கள். ஆனால் வீடுகளின் பின்பக்கமாக வரும் ஒரு ஒற்றையடிப் பாதை, வேலியைத் தாண்டி, அந்த வளைவில் போய் முடிகிற இறக்கத்தின் உச்சியில் சேர்கிறது. அங்கே வேலி இல்லை. இறக்கம் நூற்றெண்பது மீற்றர். “மேலே இருந்து பார்த்தால் பாதை உடைந்தது தெரியாது, கவனம்,” என்று யாரோ படத்துடன் இணையத்தில் எழுதியிருந்தார். நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன்.

மே இரண்டாம் திகதி, சனிக்கிழமை, மற்றவர்கள் எல்லோரும் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனார்கள். அண்ணன் தனியாகப் போகிற நாள் அது ஒன்றுதான். வேறு யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். காலையில் கோட்டை அந்த ஒற்றையடிப் பாதை வழியாகத் திருத்தி அவனுக்கு அனுப்பினேன்.

“புது வழியோ?” என்று சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

“ஓம் அண்ணா. இதால வேகமாப் போகலாம்.”

அவன் போகும் இடம் என் போனில் நீலப் புள்ளியாக ஓடும். அம்மாவின் மன அமைதிக்காகச் செய்த ஏற்பாடு. பத்து மணி பதினேழுக்குப் புள்ளி இறக்கத்தின் உச்சியை அடைந்தது. பதினைந்து செக்கனில் வளைவுக்கு வந்தது. அங்கே நின்றது.

அம்மா குசினியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். “எங்கை நிக்கிறான்?”

“ஆத்தடியிலை.”

சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். “இன்னும் ஆத்தடியிலையோ?”

“படம் எடுக்கிறார் போலை.”

“நல்லாப் படம் எடுக்கிறான். குழம்பு ஆறப்போகுது எண்டு சொல்லு.”

“சொல்லுறன் அம்மா.”

ஐந்து நிமிடத்தில் அவசர உதவிக்கு 911 அழைப்பது என்றுதான் திட்டம். அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். பழக்கமில்லாதவர்களுடன் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சொல்ல வேண்டிய வசனத்தைக் கொப்பியில் எழுதினேன். வெட்டித் திருத்தினேன்.

வசனம் மூன்றாவது நிமிடத்திலேயே சரியாக வந்துவிட்டது.

பிறகு நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்தால் அவன் எழும்பிவிட்டான் என்று அர்த்தம். எழும்பினால் ஜூன் எட்டாம் திகதி விமானத்தில் ஏறுவான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதினேன். ஒருதரம் புள்ளி கொஞ்சம் நகர்ந்தது. அந்த நேரத்தையும் எழுதினேன். பிறகு பழைய இடத்துக்கே வந்தது. சிக்னலின் தடுமாற்றம்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினொரு மணி ஒன்பதுக்கு, நாயுடன் நடக்க வந்த ஒரு பெண் அவனைக் கண்டு உதவிக்கு அழைத்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம். பாதி உடம்பு கல்லிலும் பாதி பனி உருகிய தண்ணீரிலுமாகக் கிடந்திருக்கிறான். உடைந்தது முள்ளந்தண்டு. இனி நடக்கமாட்டான் என்று டொக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் என்று ஒரு வசனத்தைத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. “பாதை உடைஞ்சது உனக்கெப்பிடித் தெரியும், பிள்ளை?” என்று ஜோசுவா அண்ணை என் தலையைத் தடவி அழுதார். ஜூன் எட்டு வந்து போனது. அன்று நான் ஆஸ்பத்திரியில் அண்ணனின் கால் நகங்களை வெட்டிவிட்டேன். நல்ல நாள் அது.

செப்டெம்பரில் அவன் வீட்டுக்கு வந்தான். அடுத்த கிழமையே நிலாணியும் வந்து இறங்கினாள். நிச்சயதார்த்தம் முறிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ அவனை அழைத்துப்போகும் ஏற்பாடுகளுடன் வந்திருந்தாள்.

“எங்கட வீடு தரையோட இருக்கு. வாசலில இருந்தே கிறவல் பாதை. கார் வராது. இவர் தானாவே நாற்காலியை உருட்டிக்கொண்டு போகலாம்,” என்றாள்.

“உன்னை முந்துவன்,” என்றான் அண்ணன்.

“முதல் வாசலைத் தாண்டிக் காட்டுங்கோ.”

அவன் சிரித்தான். நான்கு மாதத்தில் அன்றுதான் அவன் சிரிக்கக் கண்டேன்.

ஆகவே நிலாணியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். குற்ற உணர்ச்சியால் சொல்லவில்லை. அவனை இங்கே வைத்திருக்க நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்று தெரிந்தால், அவள் நியாயமானவள், விட்டுவிடுவாள் என்று நம்பினேன். கொப்பியையும் கொடுத்தேன். தமிழ் வாசிக்க அவளுக்கு நேரம் எடுக்கும். நான் பொறுமையாக இருந்தேன்.

“ஐம்பத்திரண்டு நிமிசமும் போன் உன்ர கையிலயோ இருந்தது?” என்று கேட்டாள்.

“ஓம் அண்ணி.”

அவள் கொப்பியுடன் அண்ணனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பது எனக்குக் கேட்டது. ஓரிடத்தில் குரல் நின்றது. “மிச்சத்தையும் வாசி,” என்றான் அண்ணன். அவள் வாசித்தாள். பிறகு அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அன்று பின்னேரமே ஜோசுவா அண்ணை வான் கொண்டுவந்து கீழே நிறுத்தினார். அம்மா முதலில் தன் பையும் அண்ணனின் பைகளுமாக வெளியே போனாள். எங்கள் வீட்டுக் கதவு தானாகவே மூடிக்கொள்கிற கதவு. சக்கர நாற்காலி போவதற்காக நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டடத்தில் மூன்று லிஃப்டில் ஒன்றுதான் வேலை செய்கிறது. அதைத் தவறவிட்டால் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். நிலாணி அதைக் கையால் மறித்துப் பிடித்திருந்தாள். அண்ணனுக்கு அவசரம். அதனால்தான் என்னைத் தாண்டும்போது ஒன்றும் சொல்லாமல் போனான்.