பாரா வராத தெரு

“...ஒரு ஏட்டு, அஞ்சு கான்ஸ்டேபிள். சங்கரன்கோவிலுக்கு அவ்வளவுதான் போலீசு. சரி, அந்த ஆறு பேராவது சுத்தி வரணும்லா? ஆடித்தவசு அன்னைக்குச் சப்பரத்துக்கு முன்னால கம்பை ஊணிக்கிட்டு நிப்பானுவ. பெறவு பாக்கணும்னா காப்பி கிளப்புக்குத்தான் போணும். சுதந்திரம் வந்து நாலு வருசமாச்சு, யாரை வேணாலும் கேள்வி கேக்கலாங்காங்க. இவனுவளை யாரு கேக்கா? அதான் மனு எழுதிப் போட்டேன்.”

வைத்தியலிங்கம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். மனுவை விசாரிக்கத் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்த இன்ஸ்பெக்டர், அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

“எழுதிக்கிடுங்க. போனது வெங்கல அண்டா. எம் பொண்டாட்டி வடிவாம்பாள் சீரா கொண்டாந்தது. ரெண்டு ஆளு தூக்கணும். முத்தத்துல கவுத்துப் போட்டிருந்தோம், விடியக்காலம் பாத்தா வட்டத் தடம் மட்டும் கெடக்கு. அவ ரெண்டு சேலையை மடிச்சு எடுத்துக்கிட்டு கரிவலத்துக்கு, அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அண்டா வரட்டும், நானும் வாரேன்னு சொல்லி விட்டிருக்கா. பதினோரு நாளாச்சு. நானே பொங்கித் திங்கேன். அதைச் சோறுன்னு எழுதிராதீங்க...

பாரா நோட்டா? இந்தாருக்கு. ராத்திரி ரோந்து வாரவன் இந்தத் தெருவுக்கு வந்தேன்னு கையெழுத்துப் போடணும்லா, அந்த நோட்டு. மதிப்பான வீடுன்னு ஏட்டையாவே இங்கன கொண்டாந்து வச்சாரு. ஆமா, கான்ஸ்டேபிள் சங்கரசுப்பு கையெழுத்துத்தான், தெனமும் இருக்கு. அண்டா போன அன்னைக்கும் இருக்கு. இருந்தா? வந்தானான்னு கேளுங்க. மூணு மாசமா வரல. வராம எப்படிக் கையெழுத்துன்னா... அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அவனைச் சும்மா விடாதீங்க, தொப்பியக் கழத்துங்க.

வாக்குமூலத்துக்கு அடியிலயா? போட்டாப் போச்சு. பேனாவைக் குடுங்க.”

ஒரே இழுப்பில் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். ‘சங்கரசுப்பு, பி.சி. 412’ என்று அடிக்கோட்டோடு இருந்தது.

“...கை பழகிப்போச்சுய்யா. அந்தப் பய மொதல்ல ஒழுங்காத்தான் வந்தான். ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுவான். நோட்டை எடுத்துக் குடுத்து, விளக்கைப் பிடிச்சு நின்னா, பெறவு எனக்கு எங்க தூக்கம்? நாந்தான் சொன்னேன். ஏலே, நீயும் தூங்கு, நானும் தூங்குதேன், காலைல பல்லு வெளக்குனதும் நானே போட்டுருதேன்னு. மாட்டேன்னுதான் நின்னான், நாந்தான் வெரட்டி விட்டேன். அண்டா போன அன்னைக்குங்கூட, கையெழுத்தைப் போட்டுட்டுத்தான் முத்தத்துக்கே போனேன். வடிவுகிட்ட யார் மேலயாவது பழியைப் போடணும்லா?”

இன்ஸ்பெக்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். வைத்தியலிங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“அய்யா, அவனை ஒண்ணும் செஞ்சிராதீங்க, புள்ளகுட்டிக்காரன். அந்த மனுவைக் கிழிச்சிருங்க... அப்ப அண்டா? வடிவுக்கு நான் என்ன சொல்ல? நாயி இருந்தாலாவது கொலச்சிருக்கும். அதையும் தூக்கத்தைக் கெடுக்குன்னு போன மாசந்தான் மேலநீலிதநல்லூருக்குக் குடுத்து விட்டேன்...”