உப்புக் கையைத் தன் கை என்றவருக்கு

கம்பிக்கும் கம்பிக்கும் இடையே காவல் நின்றவரே! கண்ணாடி விளிம்பைக் கண்ணிமைக்காமல் காத்தவரே! தென் கொரியாவின் குமி நகரத் திரைத் தொழிற்சாலையின் இணைப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, அறுபது நிறைந்து இன்று விடைபெறும் எங்கள் குழுத் தலைவி பியோ கில்-ரே அக்கா அவர்களே, வணக்கம்!

இதற்கு மேலும் அடைமொழி அடுக்க எங்களுக்கு ஆசைதான். ஆனால் போன வாரமே நீங்கள் எச்சரித்துவிட்டீர்கள். "சூரியனே சந்திரனேன்னு எதையாவது எழுதி வச்சீங்க, கேக்கைக்கூட வெட்டாம வீட்டுக்குப் போயிடுவேன்டி!" கேக் பெரியது. ஆகவே அடக்கியே வாசிக்கிறோம்.

திரையின் கண்ணாடி விளிம்பில் நூற்றுக்கணக்கான உலோகக் கோடுகள். ஒவ்வொன்றும், அதன்மேல் ஒட்டும் மின்நாடாவில் தனக்கு இணையான கோட்டோடு மட்டுமே சேர வேண்டும். பக்கத்துக் கோட்டைத் தொட்டால் மின்கசிவு, திரை பாழ். ஒரு தூசு, ஒரு துளி வியர்வை, பூசாமல் விட்ட ஒரு மூலை போதும். விளிம்பு முழுக்கக் காப்புப் பசை பூசிவிட்டு நிமிரும் எங்களிடம் நீங்கள் நாளுக்கு நாற்பது முறை சொன்னது இதுதான்: "மூலைய விட்டா மொத்தத்தையும் விட்ட மாதிரிடி." வீட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதும் எங்களுக்கு உங்கள் குரல்தான் கேட்கிறது. இது பாராட்டா புகாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. நீங்கள் முறைத்தாலும் சொல்லுவோம்.

அந்த மழைக்காலத்தில் முப்பத்தெட்டு திரைகள் திரும்பி வந்தன. மருத்துவமனைப் படுக்கையருகே நாடித்துடிப்பைக் காட்ட வேண்டியவை, பாதி எண்களை விழுங்கிவிட்டு நின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், கோடுகளுக்கிடையே உப்புப் படிவு. அது ஈரத்தை இழுத்து, உலோகம் வேர்விட்டு, ஒரு கோடு இன்னொன்றைத் தொட்டிருந்தது. வரிசை எண்களைத் தேடியதில், எல்லாமே முந்தைய நவம்பரில் ஒரு திங்கட்கிழமையின் முதல் மணி நேரத்தில், மூன்றாம் மேசையில் செய்தவை. அந்த மேசைக்காரர் ஒப்பந்தத் தொழிலாளி உக் மியோங்-சிம். அவரை அன்று மாலையே அனுப்பிவிடுவதென்று மேலாளர் கடிதம் தட்டச்சு செய்துவிட்டார்.

மியோங்-சிம்முக்கு ஒன்றும் புரியவில்லை. அழக்கூடத் தோன்றாமல், அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நீங்கள் கதவைத் தட்டாமல் மேலாளர் அறைக்குள் போனீர்கள்.

"தலைவி, உங்க வேலைய நீங்க பாருங்க. அன்னிக்கு அவங்க வந்ததா வருகைப் பதிவுல கையெழுத்து இருக்கே!" என்றார் அவர்.

"கையெழுத்து நான் போட்டது சார். உக்காந்ததும் நான்தான். உறைபனியில பாலத்துமேல அவ பஸ் நின்னுபோச்சு. ஒரு மணி நேரம் லேட்டு. சம்பளத்தப் பிடிச்சிருவீங்கன்னு பதிவுலயும் நானே போட்டேன்."

"சரி, உப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க வீட்டுத் தொட்டியிலேருந்து. அன்னிக்கு எங்க வீட்டுல குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட நாள். விடியக்காலம் உப்புத்தண்ணியில ஊறின கோஸையெல்லாம் திருப்பிப் போட்டுட்டு, கைய ஒப்புக்குக் கழுவிட்டு ஓடி வந்தேன். அதே கையால கையுறையோட வெளிப்பக்கத்தப் பிடிச்சு இழுத்து மாட்டினேன். அந்த முப்பத்தெட்டும் என் கைதான் சார்."

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். நீங்கள் தொட்டதற்கே குடித்தீர்கள். இரண்டு ஆண்டுகள் தலைவிப் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு உங்களைச் சாதாரண மேசையில் உட்காரவைத்தார்கள். நீங்களோ அங்கிருந்தபடியே, முதலில் நூல் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். கிம்ச்சிக் கோஸில் கை வைத்த நாளில் யாரும் இணைப்பு மேசையில் உட்காரக் கூடாது என்ற விதியையும் எழுதி வாங்கினீர்கள். அதன்பின் ஓர் உப்புத் திரைகூடத் திரும்பி வரவில்லை.

விதி எங்களுக்கு ஒரு நாள்தான். நீங்கள் உங்கள் கைக்குப் பதினோரு ஆண்டு உப்புத் தடை போட்டுக்கொண்டீர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் தொட்டிகளைச் சுற்றி நின்று, கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "உப்பு பத்தல, இன்னும் போடு!" என்று அதிகாரம் மட்டும் செய்தீர்கள். எங்களுக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

அக்கா, முழங்கால் நோகாமல், பார்வை மங்காமல், பசி குறையாமல், பேரன் பேத்திகளை மூலைக்கு மூலை விரட்டிக்கொண்டு பல்லாண்டு நலமாய் இருங்கள்!

நாளை சனிக்கிழமை. மியோங்-சிம் வீட்டு முற்றத்தில் எண்பது கோஸ் ஊறிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் அவற்றைத் திருப்பிப் போட ஆள் வேண்டும். கையுறை கொண்டுவராதீர்கள்.

இப்படிக்கு,
இணைப்புப் பிரிவின் பத்தொன்பது பேர்

எழுதி வாசிப்பவர்:
உக் மியோங்-சிம், இன்றும் மூன்றாம் மேசை