பதினோரு மெக்சிகோ காசுகள்

அன்று மதியம் பழைய நாணயக் கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருடைய சித்தி.

கடைக்காரர்: இதைத் தேய்ச்சது யாரு?

தலைமையாசிரியர்: நான்தான். பல்பொடி போட்டு. அழுக்கோட கொண்டு வந்தா எங்க வீட்டைப் பத்தி என்ன நினைப்பீங்க?

கடைக்காரர்: அழுக்கோட வந்திருந்தா நல்லபடியாவே நினைச்சிருப்பேன். எட்டு ரியால் காசு சார் இது, மெக்சிகோ. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இருபத்தேழு கிராம், நல்ல வெள்ளி. பளபளன்னு ஆக்கி, பாதி விலையைக் கழுவி விட்டுட்டீங்க.

சித்தி: இவன் சின்னதுல இருந்தே அப்படித்தான். செருப்புக்கு அடியிலயும் பாலிஷ் போடுவான்.

தலைமையாசிரியர்: சித்தி...

சித்தி: சரிப்பா. நான் பேசல.

தலைமையாசிரியர்: மிச்சம் பதினொண்ணையும் மொத்தமா எடை போட்டு ஒரு விலை சொல்லுங்க. நாங்க கிளம்பணும்.

கடைக்காரர்: வருஷம் பார்க்காம எப்படி சார் விலை சொல்றது?

தலைமையாசிரியர்: வருஷமெல்லாம் வேண்டாம். எங்கப்பா கப்பல்ல இருந்தப்ப கொண்டு வந்தது. எல்லாம் ஒரே காலம்.

சித்தி: அவர் தொழிலை அவர் செய்யட்டும்.

தலைமையாசிரியர்: உங்களுக்கு முட்டிவலி. இவ்வளவு நேரம் உட்கார்ந்தா...

சித்தி: முட்டி என்னோடது. நீங்க பாருங்க சார்.

கடைக்காரர்: அப்பா எந்த வருஷம் கப்பலை விட்டாரு?

தலைமையாசிரியர்: அது இப்ப எதுக்கு...

சித்தி: அறுபத்தொண்ணு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போனாங்க. இவங்கப்பா மட்டும் திரும்பி வந்தாரு. தம்பி கடல்ல விழுந்துட்டான்னு சொன்னாரு. அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர்.

கடைக்காரர்: அடடா... தெரியாம கேட்டுட்டேம்மா.

சித்தி: நீங்க என்ன பண்ணுவீங்க. வருஷத்தைச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு சரியில்ல. இவங்கப்பா காசு வச்சிருந்த பெட்டியையும் இவன் இன்னைக்குத்தான் வெளிய எடுத்தான்.

கடைக்காரர்: இது அறுபத்திரண்டு... அறுபத்துமூணு... அறுபத்துநாலு... பத்துல ஒரு பங்குதான் வெள்ளி... சார், அறுபத்தொண்ணுல வந்தவர் கையில இதெல்லாம் எப்படி?

தலைமையாசிரியர்: கப்பல் சிநேகிதர் யாராவது குடுத்திருப்பாங்க.

கடைக்காரர்: வருஷத்துக்கு ஒண்ணாவா? இதெல்லாம் ஒரு பேசோ, அவங்க ஊர் ரூபா மாதிரி. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதுல ஒரு பேசோ காசு அடிக்கவே இல்ல. அந்த ரெண்டு வருஷத்துக்கும் அரை பேசோ இருக்கு பாருங்க. ஒரு வருஷம்கூட விடல. யாரோ மறக்காம அனுப்பியிருக்காங்க.

சித்தி: இவன் சம்பந்தி வீட்டுலயும் அதான் பேச்சு. இவங்கப்பா ஆபீஸுக்கு மெக்சிகோவுல இருந்து கவர் வருமாம், அவருக்கு அங்க ஒருத்தி இருந்தாளாம். அவ அனுப்பினதாம்.

தலைமையாசிரியர்: பேசிட்டுப் போகட்டும்.

சித்தி: அப்பாவைப் பத்தி அரை வார்த்தை சொன்னாலும் சாப்பிடுற தட்டைத் தள்ளிட்டு எழுந்து வர்றவன் நீ. இதுக்கு மட்டும் இத்தனை வருஷமா வாயே திறக்கல.

தலைமையாசிரியர்: போகலாம் சித்தி. அசதியா இருக்கு.

சித்தி: எனக்கும்தான் அசதி... சார், கடைசிக் காசு எந்த வருஷம்?

கடைக்காரர்: எழுபத்திரண்டு.

சித்தி: அதுக்கு மேல?

கடைக்காரர்: இல்லம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டேன். விலைன்னு பார்த்தா அந்தப் பெரிய காசு ஒண்ணுதான் தேறும். இந்தப் பதினொண்ணும் போக வர ஆட்டோவுக்கே காணாது.

சித்தி: விலைக்கு வரல சார். எழுபத்திரண்டு... அப்ப எனக்கு முப்பது வயசு.

தலைமையாசிரியர்: சித்தி, இங்க பாருங்க... சம்பந்தி வீட்டுல சொல்றது உண்மைதான். அப்பாவுக்கு அங்க... ஒரு குடும்பம் இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள்...

சித்தி: எனக்காக உங்கப்பா பேரையே கெடுக்கிறியா?

தலைமையாசிரியர்: எழுந்திருங்க சித்தி, ஆட்டோ கூப்பிடுறேன்.

சித்தி: முதல் கவரைப் போஸ்ட்மேன்கிட்ட கை நீட்டி வாங்கினவ நான். மேல இருந்த கையெழுத்து யாருதுன்னு எனக்குத் தெரியாதா? பிரிச்சேன். உள்ள காசும், பொண்டாட்டி புள்ளையோட அவர் நிக்கிற போட்டோவும். சோத்துப் பருக்கை வச்சு ஒட்டி உங்கப்பா கையில குடுத்துட்டேன். அதுக்கப்புறம் வந்த கவரையெல்லாம் உங்கப்பா தன் ஆபீஸுக்கே வர வச்சுட்டாரு. எப்ப நின்னுச்சுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியல, இன்னைக்கு அதுவும் தெரிஞ்சுது. சம்பந்தி வீட்டுல போய்ச் சொல்லு. கடல்ல யாரும் விழல. அங்க குடும்பம் நடத்தினது உங்கப்பா இல்ல, என் வீட்டுக்காரர்.