வடியாத மின்சாரம்

காபியில் சர்க்கரை அளவாக இருக்கிறது, ஐயா. என் தங்கை நெல்சியும் இப்படித்தான் போடுவாள்.

முப்பத்தோரு வருஷமாக இந்தப் பாரன்கியா ஊரில் பிக்கோ ரிப்பேர் பார்க்கிறேன். முகப்பில் புலியும் புயலும் வரைந்து, தெருவையே ஆட வைக்கிற ஆளுயர ஒலிப்பெட்டிகள். அவற்றின் வால்வு ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டால் என்னை, இந்த நிக்கானோரைத்தான் தேடி வருவார்கள்.

கார்னிவல் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால், பிக்கோ வைத்திருக்கும் அரிஸ்திதெஸ் அதன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தான்.

"பாட்டு கேக்கல, ஊம்னு இரைச்சல்தான் கேக்குது. நீ பாத்துக் குடு. எப்படியும் உன் தங்கச்சி புருஷன் வந்து தொட்டாத்தானே உன் ரிப்பேரு நிக்கும்" என்று சிரித்தான்.

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் இடது காது போய் இரண்டு வருஷம். தங்கை புருஷன் வில்ஃப்ரிடோவுக்கும் இதே தொழில்தான். நான் பார்த்து அனுப்பிய பெட்டிகளையெல்லாம் அவன் பின்னாலேயே போய், யாரிடமும் காசு வாங்காமல் சரிசெய்து வந்திருக்கிறான். 'மச்சான் காதுல விழ வேணாம்' என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறான். திருடன்கூட எடுத்துக்கொண்டுதான் போவான், ஐயா. இவன் கொடுத்து என்னைக் கேவலப்படுத்தினான்.

நான் கோபப்படவில்லை. வேலையைப் பார்த்தேன். வால்வுகளை மாற்றிப் பார்த்தேன், இரைச்சல் போகவில்லை. அடித்தகட்டைக் கழற்றினால் பெரிய கண்டென்சர் வீங்கி, எண்ணெய் கசிந்திருந்தது. புதிது போட்டதும் இரைச்சல் அடங்கியது. மீட்டரை அதன் பக்கத்து ரெசிஸ்டன்ஸில் வைத்தேன், முள் அசையவில்லை. ஸ்விட்சை அணைத்த பிறகு கண்டென்சரில் தேங்கும் மின்சாரத்தை வடிப்பது அதுதான். அது செத்துப்போனால் அணைத்த பெட்டியும் ஆளை அடிக்கும்.

அதை அப்படியே விட்டேன். வேறொரு கம்பியில் ஈயத்தைப் பட்டும் படாமலும் வைத்து மூடினேன். அதிர அதிர ஒருநாள் விட்டுப்போகும். அப்போது அதைச் சரிசெய்ய யார் வருவான் என்று எனக்குத் தெரியும்.

கார்னிவல் சனிக்கிழமை மத்தியானம், ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடிய மாவுப் பொடியில் தெருவே வெள்ளையாக இருந்தபோது பாட்டு நின்றது. வில்ஃப்ரிடோ முட்டை வைத்துப் பொரித்த அரேபா ரொட்டியைப் பாதி தின்றபடி ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"மச்சான், நீயே பாரு. நான் சும்மா கூட நிக்கிறேன்."

"என் கண்ணு மங்குது மாப்ளே. நீயே பாரு."

பெட்டியை அணைத்து, கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றினான். அவன் கவனமான ஆள், ஐயா. திருப்புளியால் கண்டென்சரைத் தொட்டு மின்சாரத்தை இறக்காமல் ஒருநாளும் கை வைத்ததில்லை. தரையில் துழாவினான். தகட்டைக் கழற்றிவிட்டு அவன் கீழே வைத்த திருப்புளி அதற்குள் என் பைக்குள் போயிருந்தது. கூட்டம் பாட்டுக் கேட்டுக் கத்தியது. அவன் என் வலது காதுப் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கும்படி நிதானமாகக் கேட்டான்:

"மச்சான், மீட்டர் வச்சுப் பாத்தியா? வடிஞ்சிருச்சா?"

"வடிஞ்சிருச்சு மாப்ளே. தைரியமா கைய விடு."

விட்டான். பெரிய சத்தமொன்றும் இல்லை. கால் இரண்டு தடவை தரையில் தட்டியது. ஆடுகிறான் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். நெல்சி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "ஏதாவது பண்ணுண்ணே" என்றாள். நான் அந்த ரெசிஸ்டன்ஸை மாற்றி, விட்டுப்போன கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தேன். பாட்டு சுத்தமாக வந்தது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: கையை விடச் சொன்னேனே தவிர, அவன் கையைப் பிடித்து நான் உள்ளே வைக்கவில்லை.