பதினோரு நாள் உப்பில்லாச் சமையல்

பெயர்: காவல் நிலையப் பதிவேட்டில் எழுத்தர் குறித்தபடி. தெருவில் விசாரித்தால் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும்.
வயது: எழுபத்தொன்று.
தொழில்: முன்பு ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர், முப்பத்துநான்கு வருடம். இப்போது ஓய்வு.
முகவரி: கதவு எண் 17, மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு.

நான் மேற்படி முகவரியில் என் மகனுடனும் மருமகளுடனும் வசித்து வருகிறேன். நான் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாக எழுத்தர் கூறினார். பத்து மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறேன், எனக்கே எழுத வரும், நேரம்தான் ஆகும் என்றேன். நாற்காலியும் பேனாவும் கொடுத்தார். ஆகவே இது என் கையால் எழுதியது.

என் மகனுக்கு வயது முப்பத்தெட்டு. கண்ணாடிப் பட்டறையில் ஓரம் தேய்க்கும் வேலை பார்க்கிறான். சென்ற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனும், அங்கே அளவெடுக்கும் வேலை பார்க்கும் அளவுக்காரரும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிப் போகும்போது அவன் தள்ளாடி விழுந்தான். கண்ணாடி உடைந்து அளவுக்காரரின் முன்கையைக் கிழித்தது, ஒன்பது தையல். மகனுக்கு நாக்குக் குழறியது, எழுந்து நிற்க முடியவில்லை, சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. அது போதை மாத்திரை என்று பட்டறை முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். அது போதை மாத்திரை அல்ல. அவன் தள்ளாடியதற்குக் காரணம் நான். அதைச் சொல்லவே வந்தேன்.

மாத்திரையின் பெயர் லித்தியம். என் மகனுக்கு ஏழு வருடமாக இருதுருவ மனநிலைக் கோளாறு என்ற நோய் உள்ளது. சில வாரம் மனம் தலைகால் புரியாமல் ஏறும், உறக்கமே வேண்டியிராது. பிறகு படுக்கையை விட்டு எழ முடியாதபடி இறங்கும். குடும்பத்தில் யாருக்காவது இது உண்டா என்று மருத்துவர் கேட்டபோது, "எங்கப்பா முப்பத்துநாலு வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தாரு டாக்டர், அதான் ஒட்டிக்கிச்சு" என்றான். மருத்துவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மாத்திரை சரியாக அமைந்த பின் ஐந்து வருடமாக அவன் ஒரே மாடியில் நிற்கிறான்.

ஆனால் மாத்திரை அதன் வேலையோடு நிற்பதில்லை. எந்நேரமும் தாகம், கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. விரல்கள் லேசாக நடுங்கும். அதனால் தேநீர் அரை டம்ளர்தான் ஊற்ற வேண்டும், முழு டம்ளர் வேண்டுமானால் இரண்டு தடவை. நடுக்கத்தால் கண்ணாடி அறுப்பதை விட்டு ஓரம் தேய்க்கப் போனான். முதலாளியிடம் கண் சரியில்லை என்று சொல்லிவைத்தான். உடம்பு ஒன்பது கிலோ ஏறியது, அவன் சட்டைகள் என்னிடம் வந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான். தலைவலி என்றாலும், இந்த மருந்தோடு சேராது என்று, கடையில் கேட்டு மாத்திரை வாங்கமாட்டான். இதெல்லாம் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அந்த வியாழனுக்கு முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை மருமகள் தன் தங்கை பிரசவத்துக்குப் போனாள். சமையல் என் கைக்கு வந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை நான் இரத்த அழுத்தம் பார்க்க மருந்தகத்துக்குப் போனேன். அங்கே சுவரில் ஓர் அறிவிப்பு, ஐந்து வரி, உப்பைக் குறைக்கச் சொல்லி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை யாரையும் கேட்காமல் நான் படித்த முதல் அறிவிப்பு அதுதான். என் முறை வந்து கூப்பிட்டார்கள்; மூன்றாம் வரியில் இருந்ததால் போகவில்லை. பின்னால் இருந்த அம்மாளை முதலில் அனுப்பிவிட்டார்கள்.

அதன் பின் வீட்டுக்கு வந்து ஐந்து வரியையும் மகனிடம் ஒப்பித்தேன். அவன் கை தட்டினான். அன்று மதியமே உப்பு டப்பாவைப் பரண் மேல் ஏற்றினேன். இரண்டு பேருக்கு இரண்டு பாத்திரத்தில் சமைக்க எனக்குத் தெரியாது, ஒரே சட்டிதான். நான்காம் நாள் சாப்பிடும்போது மகன், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க, நாம தட்டுலயே போட்டுக்கறோம்" என்றான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டான்.

அந்த வாரம் வெயில் கடுமையாக இருந்தது. பட்டறைக் கூரை தகரம், மின்விசிறியும் பழுது. பிழிந்தால் சொட்டும் சட்டையோடு வருவான். எட்டாம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. ஒன்பதாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நான் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் அரை டம்ளர் தேநீரும் தளும்பிச் சிந்தியது. விடுப்பு எடு என்றேன். விடுப்பு கேட்டால் காரணம் கேட்பார்கள் என்று போனான். பதினோராம் நாள் கண்ணாடி உடைந்தது.

மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. அதிக மாத்திரை போட்டானா என்றார்கள். அட்டையை எண்ணிப் பார்த்தோம், கணக்குச் சரியாக இருந்தது. அதன் பின் செவிலியர் என்னிடம், சாப்பாட்டில் உப்பு ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். நான் பெருமையாகவே, "ஆமாம்மா, பதினோரு நாளா அடியோட விட்டுட்டோம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் இந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் விஷமாகவே ஆகும் என்று சொன்னார். மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள் உப்புநீர் ஏற்றினார்கள்.

செவிலியர் சொன்ன அன்றே மாலை வீட்டுக்குப் போய் மருந்து அலமாரியைத் திறந்தேன். அதன் கதவின் உட்பக்கம் மருத்துவமனைத் தாள் ஒன்று ஐந்து வருடமாக ஒட்டியிருக்கிறது. தினமும் என் அழுத்த மாத்திரையை அங்கிருந்துதான் எடுப்பேன். அதில் இருப்பது எனக்கான எழுத்து என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நின்றபடியே படித்தேன். உப்பின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

சனிக்கிழமை மகனுக்குப் பேச்சுத் திருந்தியது. உனக்கு இது தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும்ப்பா. நாலு நாள்ல அவ வந்துடுவான்னு நெனச்சேன். நீங்க மொதல் தடவையா ஒண்ணைப் படிச்சுட்டு வந்து சொல்றீங்க. அதைப் போய் எப்படி வேணாம்கிறது?"

நான் நேராக இருந்த தலையணையை நேராக்கி வைத்தேன். அதன் பின், மாத்திரை எதற்கென்று காவல் நிலையத்தில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். வழக்கு வரும், வேலை போகும் என்றேன்.

"போகட்டும். போதைன்னா ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. இது தெரிஞ்சா, நான் சத்தமா சிரிச்சாகூட இனிமே ஒரு மாதிரி பாப்பாங்க."

ஞாயிறு பிற்பகல் அளவுக்காரர் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மகன் மன்னிப்புக் கேட்டான். அதை அவர் காதில் வாங்கவில்லை.

"கண்ணு சரியில்லன்னு மொதலாளிகிட்ட சொன்னியே, பத்தடி தூரத்துல இருந்து முடி அளவு கீறலைக் காட்டினவன்டா நீ. ஒனக்குக் கை நடுங்குறது எனக்கு நாலு வருஷமா தெரியும். அதனாலதான் தூக்கும்போதெல்லாம் கனமான பக்கத்தை நான் பிடிச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மகன் அவருடைய கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நோயின் பெயரைச் சொன்னான். அளவுக்காரர் யோசித்துவிட்டு, அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போவதும் இதனால்தானா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

"அட, நான் வேலைக்குக் கள்ளம்னுல்ல நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். சத்தம் வேண்டாம் என்று செவிலியர் வந்து சொன்னார். அளவுக்காரர் போன பின் மகன் என்னிடம், "எழுதுங்கப்பா. நோயோட பேரைப் போட்டே எழுதுங்க" என்றான். அவன் சம்மதத்துடன்தான் எழுதியிருக்கிறேன்.

இரத்தப் பரிசோதனைத் தாளையும் மருந்துச் சீட்டையும் இணைத்துள்ளேன். வழக்கில் என் மகன் பெயரை வைப்பதானால் சமைத்தவன் பெயரையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளியும் இதைப் பார்ப்பார் என்று எழுத்தர் சொன்னார். பார்க்கட்டும். பார்த்த பின் என் மகனை என்ன நினைக்கிறாரோ, அதை அவனிடம் நேரில் சொல்லட்டும். புதன்கிழமை முதல் அவன் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இந்த நான்கு பக்கத்தில் உள்ளவை நான் கண்டதும், பிறர் சொல்லக் கேட்டதும், நானே செய்ததும் ஆகும். யாரும் சொல்லித் தரவில்லை, மிரட்டவில்லை. வாசித்துக் காட்டட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாமென்று நானே ஒருமுறை வாசித்தேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)